பெட்டி போகலாம், படம் போகக் கூடாது

கே: எங்கள் வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி (நாஸ்) அடிக்கடி தானாக அணைந்து, தானாக எழுகிறது. கல்யாண வீடியோ முதல் பேத்தியின் படங்கள் வரை எல்லாம் அதற்குள்தான். புதிது வாங்கலாமா, நாங்களே ஒன்றை உருவாக்கலாமா?

ப: இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெட்டி விழித்திருக்கும் நேரம் பார்த்து, உள்ளே இருப்பதை ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் நகலெடுங்கள். படங்கள் முதலில், சினிமாக்கள் கடைசியில். அதற்குப் பிறகு அடாப்டரைச் சந்தேகப்படலாம். வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடக்கும் அடாப்டர் தளர்ந்துபோவது சகஜம். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அதுவும் சரிவரவில்லையென்றால் சொந்தமாகச் செய்வதே மேல். ரெடிமேட் பெட்டிக்குள் பிராசஸர் முதல் டிஸ்க் இணைப்பு வரை எல்லாம் ஒரே போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. 2017-ல் இன்டெல்லின் ஆட்டம் சி2000 வரிசை சிப்களில் ஒரு குறை வெளியே வந்தது. சில வருட ஓட்டத்தில் கடிகார சிக்னல் செத்துப்போகும், பிறகு இயந்திரம் பூட் ஆகாது. அந்தச் சிப்பை வைத்து விற்ற பல பெட்டிகளில் சினாலஜியின் டிஎஸ்1815+ ஒன்று. அந்த நிறுவனம் வாரண்டியை நீட்டித்தது. டிஸ்க்குகள் முழு நலத்துடன் இருக்க, பெட்டி மட்டும் மூச்சை விட்டுவிடும். சாதாரணப் பாகங்களால் கட்டிய கணினியில் பவர் சப்ளை போனால், அன்று மாலையே உள்ளூர்க் கடையில் இன்னொன்று கிடைக்கும்.

கே: இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வைத்துவிட்டால் பேக்கப் தேவையில்லை அல்லவா?

ப: தேவை. இந்த ஒரு நம்பிக்கையில் குடும்பத்தின் மொத்தப் படங்களையும் இழந்தவர்கள் பலர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரெய்டு என்ற பெயர் 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் பிறந்தது. விலை குறைந்த டிஸ்க்குகளைச் சேர்த்து, அவற்றில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம். தவறுதலாக அழித்தால்? இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ரெய்டு தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

1998-ல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான இடத்தில் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை ஓடத் தொடங்கியது. வுடி பாத்திரத்தின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரிலேயே தொப்பி காணாமல் போனது, பிறகு பூட்ஸ், பிறகு வுடியே. போன் போட்டு மெஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் சில வாரங்களாக அது ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பது மீட்கப் போனபோதுதான் தெரிந்தது. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, மெதுவாக ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்கும் வேண்டியது இவ்வளவுதான்: வேறொரு கூரையின் கீழ் ஒரு நகல். அதிலிருந்து ஏதாவது ஒரு படத்தை அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கே: ரிச்சி தெருவில் பழைய அலுவலகக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அது போதுமா?

ப: தாராளமாக. கோப்புகளைப் பரிமாறுவது பிராசஸருக்குப் பெரிய வேலையே இல்லை. கிகாபிட் நெட்வொர்க்கின் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். எட்டாம் தலைமுறை ஐ3 கூட அதைச் சிரமமின்றி நிரப்பும். 8 ஜிபி ரேம் போதும். வாங்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லி மூன்றைப் பாருங்கள்: மூன்றரை அங்குல டிஸ்க் உட்கார எத்தனை இடம், போர்டில் எத்தனை சாட்டா துளை, பவர் சப்ளையில் எத்தனை சாட்டா ஒயர். மிகச் சிறிய பெட்டிக் கணினிகள் அழகாக இருக்கும், ஆனால் பெரிய டிஸ்க்குக்கு உள்ளே இடமிருக்காது. டிஸ்க்கை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 35 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 0.84 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 50 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 500 யூனிட் எல்லைக்கு அருகில் நிற்கும் வீட்டில் அந்த 50 கட்டணப் படியையே மாற்றிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இன்டெல் என்100 போன்ற குறைந்த மின்சாரச் சிப் பொருத்தம்.

கே: விலை குறைவான டிஸ்க்குக்கும் ‘நாஸ் டிஸ்க்’ என்று விற்பதற்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா?

ப: உண்டு, ஆனால் மேலே ஒட்டிய லேபிளை மட்டும் நம்ப முடியாது. சில டிஸ்க்குகளில் இடத்தை மிச்சப்படுத்த, கூரை ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுபோல் பதிவுத் தடங்களை ஏற்றி எழுதுவார்கள். இதன் பெயர் எஸ்.எம்.ஆர். ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். செத்த டிஸ்க்குக்கு மாற்றாக இதை மாட்டி, தகவலை மறுபடி நிரப்பும்போது வேகம் படுத்துவிடும். சில நேரம் ரெய்டு அந்தப் புது டிஸ்க்கையே பழுது என்று வெளியே தள்ளிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் டிஸ்க்குகளில் இந்த முறையைச் சொல்லாமல் புகுத்தியது 2020-ல் அம்பலமானது. நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்கில் இதை மறைத்தது பெரிய அநியாயம். வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத ‘சி.எம்.ஆர்.’ வகைதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கே: 4 டெராபைட் வாங்கினேன், விண்டோஸ் 3.63 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

கே: எந்த மென்பொருள்?

ப: டெபியன் மேல் ஓடும் ஓபன்மீடியாவால்ட் இலேசானது. ட்ரூநாஸ் கொஞ்சம் கனமானது, ஆனால் இசட்.எஃப்.எஸ்ஸுக்காக அதையே எடுக்கலாம். 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் தொடங்கிய கோப்பு முறை இது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதி வைக்கும். படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்துத் தானே திருத்தும். நாளைக்கே மதர்போர்டு எரிந்தாலும் டிஸ்க்குகளைக் கழற்றி வேறெந்தக் கணினியிலாவது மாட்டி ‘இம்போர்ட்’ கொடுத்தால் எல்லாம் வந்து நிற்கும். சொந்தமாகக் கட்டுவதில் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான்.

கே: ஸ்மார்ட் அறிக்கையில் 199-ம் வரியின் எண் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க் சாகப்போகிறதா?

ப: பெரும்பாலும் ஒயர். 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலின் எண்ணிக்கை. சாட்டா ஒயரை மாற்றுங்கள். பழைய எண் அழியாது, ஆனால் மேலே ஏறாமல் நின்றுவிடும். 5-ம் வரியும் 197-ம் வரியும் ஏறினால்தான் டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு. உடனே புது டிஸ்க் வாங்குங்கள்.

கே: துபாயிலிருக்கும் மகனும் படங்களைப் பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாமா?

ப: கூடவே கூடாது. 2021 ஜூனில் உலகெங்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சேமிப்புப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஒரு காலை எழுந்தபோது பெட்டி காலியாக இருந்தது. 2015-லேயே மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பெட்டி அது; இணையம் வழியே நுழைந்தவர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிய டெட்போல்ட் கும்பல், திறக்க ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. வயர்கார்ட் போன்ற வி.பி.என். போட்டு, சாவியை மகனின் போனில் மட்டும் வைத்தால் வெளி உலகுக்கு அந்தப் பெட்டி இருப்பதே தெரியாது.

கே: புதுப்பெட்டி தயார். பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா?

ப: பெட்டியைப் போடலாம். டிஸ்க்குகளுக்கு மட்டும் முழு நீள ஸ்மார்ட் சோதனை ஓட்டிப் பாருங்கள். 4 டெராபைட்டுக்கு ஓர் இரவு பிடிக்கும். தேறியதை யு.எஸ்.பி. உறையில் போட்டு, படங்களின் நகலை ஏற்றி, தங்கை வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப் படங்களையும் சேர்த்துவிடலாம்.