பாஸ்போர்ட் இலக்கணம்

முத்தாண்டிக்குப்பத்து ஆங்கில ஆசிரியை ஒருவர் தென்கொரியாவுக்கு வேலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். எம்.ஏ., பி.எட்.; இலக்கணம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அங்கே மொழி ஆசிரியருக்கான 'இ-2' விசா, வாயைத் திறக்கும் முன்பே பாஸ்போர்ட் அட்டையைப் பார்க்கும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா: இந்த ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்ததாம். அயர்லாந்தின் அரசியல் சாசனமோ ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி என்கிறது. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. இருக்கட்டும், அட்டை பேசும்.

நமக்கும் ஒரு சந்து திறந்திருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம் நம்மையும் உள்ளே விடுகிறது, துணை ஆசிரியராக. பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் சான்றிதழும் காட்ட வேண்டும். ஏழு நாட்டுக்காரர் தனியார் பயிற்சி மையத்தில் சேர ஏதாவது ஒரு பட்டம் போதும். கடல்பாசியைப் படித்தவர் வினைச்சொல் நடத்துவார். நம்மவர் பக்கத்தில் நின்று தலையாட்டலாம்.

சரி, கனடாவில் குடியேறிவிடலாமென்றால் ஐஇஎல்டிஎஸ். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியே கை ஓய்ந்தவர் தானே தேர்வெழுத வேண்டும். அந்த மதிப்பெண்ணும் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். மூன்றாம் ஆண்டில் ஆங்கிலம் ஆவியாகிவிடும் போலிருக்கிறது.

முந்திரித் தோப்புப் பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்காது. "ஏம்மா, பரீட்சை நீ வைக்கிறதா, உனக்கு வைக்கிறதா?"