“சார், இது எக்ஸாமுக்கு வருமா?”: ஒரு வினாவின் இலக்கணமும் வரலாறும்

உயர்கல்வி பற்றி நம் நாட்டில் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 1948இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு, 1964இல் கோத்தாரி தலைமையில் இன்னொன்று, 2020இல் தேசியக் கல்விக் கொள்கை. நிதி, நிர்வாகம், பயிற்றுமொழி, ஆராய்ச்சி என்று இவை தொடாத பொருள் குறைவு. ஆனால் கும்மிடிப்பூண்டி முதல் கன்னியாகுமரி வரை எந்தக் கல்லூரியிலும், எந்தத் துறையிலும், வேலைநாள் தவறாமல் எழும் ஒரு கேள்விக்கு இன்னும் ஓர் ஆய்வாளர் வாய்க்கவில்லை. “சார், இது எக்ஸாமுக்கு வருமா?” என்பதே அது. ஆசிரியர் அறைகளில் இக்கேள்வி இன்றைய பிள்ளைகளின் வீழ்ச்சிக்குச் சான்றாக, டீ ஆறுவதற்குள் இரண்டு முறையாவது எடுத்துக்காட்டப்படுகிறது. இக்கட்டுரையின் துணிபு வேறு. கல்லூரி எதற்காக ஏற்பட்டதோ அதை உள்ளபடி புரிந்துகொண்டவர் இக்கேள்வியைக் கேட்பவர்தான். மற்றவர்கள் புரிந்தும் புரியாததுபோல இருந்துவிடுகிறார்கள்.

முதலில் நிகழ்வைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். கேள்வி பெரும்பாலும் இரண்டாம் பெஞ்சிலோ மூன்றாம் பெஞ்சிலோ பிறக்கிறது. முதல் பெஞ்சு கேட்காது. வந்தாலும் வராவிட்டாலும் படித்துவிடும் குலம் அது. கடைசி பெஞ்சும் கேட்காது; இரண்டாம் பெஞ்சு கேட்டுப் பெற்ற விடை சாயங்காலத்துக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை அதற்கு உண்டு. கேட்கும் தருணம், நிரூபணம் ஒன்று பலகையின் வலது ஓரத்தைத் தாண்டி, ஆசிரியர் இடது ஓரத்தை அழிக்க டஸ்டரை எடுக்கும் நேரம். அப்போது பேனாக்களைக் கவனிக்க வேண்டும். மூடி போட்டபடி, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும். “வரும்” என்றதும் மூடிகள் கழலும். ஓரத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று விழும். பக்கத்தில் ‘இம்ப்’ என்றோ, விடையில் சற்று அழுத்தம் இருந்தால் ‘வி.இம்ப்’ என்றோ எழுதி இரண்டு கோடு இழுக்கப்படும். “வராது” என்றால் பேனா பைக்குத் திரும்பும். பாடப்புத்தகத்தின் அச்சடித்த பகுதியைவிட இந்த ஓரக்குறிப்புகள் நம்பகமானவை என்பதால்தான் சீனியரின் பழைய புத்தகத்துக்குப் புதிய புத்தகத்தைவிட மவுசு அதிகம்.

இனி இலக்கணம். வினா ஆறு வகை என்று நன்னூல் வகுத்ததைப் பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்; அதுவும் அன்று பரீட்சைக்கு வரும் என்று சொல்லப்பட்டதால்தான். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா ஆகிய ஆறில் நம் கேள்வி எது? மேம்போக்காகப் பார்த்தால் அறியாவினா. வருமா, வராதா என்ற ஊசலாட்டம் இருப்பதால் ஐயவினா என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. கடைக்காரரிடம் “பருப்பு இருக்கிறதா?” என்று கேட்பவர் பருப்பின் இருப்பைப் பற்றிய உண்மையை நாடி வந்தவர் அல்லர், இருந்தால் வாங்கிப் போக வந்தவர். நம் மாணவரும் அப்படியே. வரும் என்றால் படிப்பேன் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இது கொளல்வினா என்பதே பொருந்தும். மூடி கழலும் பேனா இதற்கு நேரடிச் சான்று. விதிவிலக்கு ஒன்று உண்டு. மதிய உணவுக்கு முந்தைய வகுப்பின் கடைசி மூன்று நிமிடங்களில் இதே சொற்கள், இதே குரலில் எழுந்தால், அது “போதும், நிறுத்துங்கள்” என்ற பொருள்பட்ட ஏவல்வினா. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இந்த வேற்றுமையை நன்கு அறிவார்கள்.

விடைகளின் இலக்கணம் இன்னும் வளமானது. நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. எட்டுக்கும் ஒரே வகுப்பறையில் எடுத்துக்காட்டு கிடைப்பது இந்த ஒரு கேள்விக்குத்தான். “இதோ இந்தப் பாராவை மட்டும் குறிச்சுக்கோ” என்பது சுட்டு. “வராது” மறை. “வரும்” நேர். “பழைய கொஸ்டின் பேப்பரை நீயே போய்ப் பாரு” என்பது ஏவல். “வந்தாத்தான் படிப்பியா?” என்பது வினா எதிர் வினாதல், புழக்கத்தில் எல்லாவற்றையும் முந்துவது இதுவே. “போன நவம்பர்ல வந்துச்சு” என்பது உற்றதுரைத்தல். “விட்டுட்டுப் போனா அரியர்தான்” என்பது உறுவது கூறல். “அதுக்கு முந்தின டாபிக் கண்டிப்பா வரும்” என்பது இனமொழி. இவற்றில் நேராக விடை தருபவை முதல் மூன்று மட்டுமே. மற்ற ஐந்தும் சுற்றி வருபவை. சுற்றி வருபவையே ஏன் அதிகம் என்பதைத்தான் ஆராய வேண்டும். காரணம் எளிது: ஆசிரியருக்கும் தெரியாது. இணைப்புக் கல்லூரி முறையில் பாடம் நடத்துபவர் ஒருவர், பல்கலைக்கழகத்துக்காக வினாத்தாள் தயாரிப்பவர் இன்னொருவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தெரியாது என்று சொன்னால் மரியாதை போகும். தெரியும் என்று சொன்னால் வினாத்தாள் கசிந்ததாகிவிடும். இந்த இக்கட்டில் ஒரு மனிதர் மாணவரைப் பார்த்து “வந்தாத்தான் படிப்பியா?” என்று சீறுவதில் வியப்பில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளில் நிலைமை தலைகீழ். வினாத்தாளில் ஆசிரியருக்கும் கை உண்டு. அங்கே கேள்வி கேட்கப்பட்டதும் வகுப்பு விடையைக் கேட்பதில்லை; ஆசிரியரின் முகத்தைப் படிக்கிறது.

எட்டில் மாணவர் மிகவும் மதிப்பது உற்றதுரைத்தலைத்தான். அதுவே அவர்களது அறிவுத் தோற்றவியலின் அடித்தளம். ஏப்ரல்/மே, நவம்பர்/டிசம்பர் எனத் தலைப்பிட்ட ஐந்தாண்டு வினாத்தாள்கள் கல்லூரி எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கிடைக்கின்றன. ஆனால் இச்சான்றிலிருந்து முடிவுக்கு வருவதில் இரண்டு தரிசனங்கள் மோதுகின்றன. போன முறை வந்தது இந்த முறை வராது என்பது ஒன்று. போன முறை வந்ததுதான் இந்த முறையும் வரும் என்பது மற்றொன்று. ஒரே விடுதி அறையில், ஒரே வினாத்தாளை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் விடியும்வரை வாதிடுவார்கள். தேர்வு முடிந்ததும் இரு தரப்புக்கும் போதுமான சான்று கிடைத்துவிடுவதால் இப்பூசல் இன்றுவரை தீரவில்லை.

இக்கேள்வி அண்மைக்கால நோய் என்பாருக்கு வரலாறு துணை நிற்காது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் தொடங்கப்பட்டது. அந்த மாதிரியின் சிறப்பு என்னவென்றால், பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. கல்லூரிகள் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், பட்டம் தரும், அவ்வளவே. கல்கத்தா, பம்பாய்க்கும் அதே ஆண்டு, அதே ஏற்பாடு. கற்பித்தலும் பல்கலைக்கழகத்தின் வேலைதான் என்பதை 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான் முறைப்படி சேர்த்தது. அதாவது, நம் மண்ணில் பல்கலைக்கழகம் என்ற நிறுவனம் தன் முதல் அரை நூற்றாண்டைத் தேர்வு வைப்பதையே தொழிலாகக் கொண்டு கழித்திருக்கிறது. பேராசிரியர் பின்னால் வந்து சேர்ந்தவர். தேர்வுக் கட்டுப்பாட்டாளரே மூத்த குடி. இந்தக் குடும்ப வரலாற்றை அறிந்தோ அறியாமலோ, மாணவர் மூத்தவரின் விருப்பத்தை முதலில் விசாரிக்கிறார். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லச் சொன்னால் தேர்வைச் சீர்திருத்துவதையே சொல்வோம் என்று ராதாகிருஷ்ணன் குழு எழுதியது. நோய் எங்கே இருக்கிறது என்பதில் குழுவும் மூன்றாம் பெஞ்சும் ஒரே கருத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

சோம்பல்தான் இக்கேள்வியின் தாய் என்பது முதல் மறுப்பு. இதற்கு விடை அமெரிக்காவின் கான்சாஸ் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கரும் அவரது தோழர்களும் அங்கே மாணவர்களோடு மாணவர்களாகச் சுற்றி, 1961இல் ‘பாய்ஸ் இன் ஒயிட்’ என்ற நூலை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் எல்லாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்ற வெறியோடுதான் உள்ளே வருகிறார்கள். சில வாரங்களில், அத்தனையையும் படிக்க நாளுக்கு எத்தனை மணி நேரம் இருந்தாலும் போதாது என்று தெரிகிறது. அதன் பிறகுதான், பேராசிரியர்கள் எதைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கத் தொடங்குகிறார்கள். ஆக, இக்கேள்வி ஆசை மிகுந்தவர் அளவைக் கண்டு அடங்கியதன் விளைவு. சோம்பேறிக்கு இக்கேள்வி தேவையே இல்லை. அவர் எது வந்தாலும் படிக்கப் போவதில்லை. உழைக்கத் துணிந்தவருக்குத்தான் எங்கே உழைப்பது என்ற கவலை. வகுப்பில் சொல்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டால் போதாதா என்பாருக்கு மீண்டும் நன்னூலையே காட்டலாம். ஆசிரியர் சொன்னதை மாணவர் முழுதாகப் பிடித்துக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால். பிறருக்கு விரித்துரைத்து மீதி அரை. கால் பங்கு கிடைக்கும் இடத்தில் 75 சதவீத வருகை கேட்கும் நாம், முக்கால் பங்கு கிடைக்கும் இடமான தேர்வுக்கு முந்தைய இரவின் விடுதி அறைக்கு வருகைப்பதிவேடே வைக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. நன்னூலைத் துணைக்கழைத்தால் அதே நூல் திருப்பி அடிக்கும் என்பது அது. அந்நூல் மாணாக்கரில் தலையானவருக்கு அன்னத்தை உவமை சொல்கிறது: பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் கொள்வது. கடையானவருக்கு நெய்யரியை, அதாவது பன்னாடையைச் சொல்கிறது: நெய்யை ஒழுக விட்டுக் கசடைப் பிடித்துவைப்பது. வருமா என்று கேட்டுப் பிரிப்பவர் தம்மை அன்னம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். உண்மையில் பன்னாடை என்பது இவர்கள் வாதம். நுட்பமான வாதம்தான். ஆனால் அது ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறது. அன்னத்துக்கும் பன்னாடைக்கும் செயலில் வேற்றுமை இல்லை, இரண்டும் பிரிக்கின்றன. எது பால், எது கசடு என்பதில்தான் வேற்றுமை. அதை முடிவு செய்வது மாணவர் அல்லர், வினாத்தாள். அது கசடைக் கேட்டால், கசடைப் பிடித்தவருக்கு ‘ஓ’ கிரேடு. நெய்யை உண்டவருக்கு அரியர். ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டனும் சேல்யோவும் 1976இல் இதைச் சோதித்தார்கள். எந்த வகைக் கேள்வி வரும் என்று வாசிப்பவர் எதிர்பார்க்கப் பழகினாரோ, அதற்கேற்ப அவர் வாசிக்கும் முறையே மாறுவதைக் கண்டார்கள். கேள்வி போகிற வழியில்தான் படிப்பும் போகிறது.

அப்படியானால் வினாத்தாளை மாற்றிவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். மாற்றாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2013 ஒழுங்குமுறையில் பத்து இரண்டு மார்க்கும் ஐந்து பதினாறு மார்க்குமாக வைத்திருந்ததை, 2017இல் ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என மாற்றியது. “சிக்ஸ்டீன் மார்க்ல வருமா?” என்ற கேள்வி “தேர்ட்டீன் மார்க்ல வருமா?” என்று திருத்தம் பெற்றது. ஐந்து யூனிட்டிலும் ‘அல்லது’ போட்டுக் கேட்டதால் ஒரு யூனிட்டையே சாய்ஸில் விடும் பழைய கலை அதற்கு முன்பே அழிந்து, ஒவ்வொரு யூனிட்டிலும் பாதியை விடும் புதிய கலை பிறந்திருந்தது. பிறகு, கேள்விகளைத் திறன்வாரியாகத் தரம் பிரிக்கும் புளூமின் படிநிலை வந்தது. பல கல்லூரிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை முத்திரை விழுகிறது. ‘தெளிவான படத்துடன் விளக்குக’ என்ற அதே கேள்வி, கே4 என்ற முத்திரை பெற்றதும் பகுத்தாயும் திறனைச் சோதிப்பதாகிவிடுகிறது. படம் தெளிவாக இருந்தால் மார்க் உண்டு.

கடைசியாக, இக்கேள்வி மாணவருக்கே உரிய குணக்கேடு என்ற கூற்று மிச்சமிருக்கிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பணியை ஏ.பி.ஐ. புள்ளிகளாக எண்ணத் தொடங்கியது. கருத்தரங்கு அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் பேராசிரியர் புரட்டிப் பார்த்தது தலைப்பையா, ஐ.எஸ்.பி.என். எண் உண்டா என்பதையா என்று அந்த ஆண்டுகளில் பணியில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். “இது புரமோஷனுக்கு வருமா?” என்ற வினாவும் இலக்கண நோக்கில் கொளல்வினாவே. 1994இல் பெங்களூரில் நாக் அமைப்பு தோன்றி, ஏழு அளவுகோல்களை வைத்துக் கல்லூரிகளுக்கே மார்க் போட ஆரம்பித்த பின், கேள்வி முதல்வர் அறைக்கும் ஏறிவிட்டது. எந்த விழா என்றாலும் “இது எந்த கிரைட்டீரியன்ல வரும்?” என்பதே முதல் விசாரணை. ஏழாவதில் வருகிறது என்று ஒருங்கிணைப்பாளர் உறுதி சொன்னால், மறுநாள் காலை வேப்பங்கன்று வருகிறது, பேனர் வருகிறது, இடமும் நேரமும் பதிவாகும்படி ஜியோடேக் போட்ட புகைப்படம் எடுக்கப்படுகிறது. கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க இரண்டாமாண்டு வகுப்பிலிருந்து பத்துப் பேரை அழைத்து வருவார்கள். வரிசையில் நின்றதும், இரண்டாம் பெஞ்சிலிருந்து வந்தவர் பேனரின் ஓரத்தைப் பிடித்தபடியே குரல் கொடுப்பார்: “சார், இதுக்கு ஓ.டி. உண்டா?”