செத்த பிறகு நல்ல பேரெடுத்த நாய்

மனுசன் செத்தால் நல்லவன் ஆகிவிடுவான் என்பது தெரிந்த விஷயம். காரியம் முடிவதற்குள் ஊரை ஏய்த்தவனெல்லாம் வள்ளலாகிவிடுவதைக் கருமத்தம்பட்டியிலும் பார்த்திருக்கிறேன், கவுந்தப்பாடியிலும் பார்த்திருக்கிறேன். நாய்க்கும் இது பொருந்தும் என்பது எங்கள் வீட்டு பிளாக்கி போன பிறகுதான் தெரிந்தது.

பிளாக்கி வெள்ளை நிறம். இதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அவனுக்கு முன்னால் இருந்தது கருப்பு நாய். அதற்கு வாங்கிய எவர்சில்வர் வட்டலில் பாத்திரக் கடைக்காரர் 'பிளாக்கி' என்று பேர் வெட்டிக் கொடுத்திருந்தார். அடுத்த நாய் வெள்ளையாக வந்தபோது, "வட்டல் நல்லாத்தானுங்க இருக்குது?" என்றாள் என் மனைவி. கோயமுத்தூரில் இப்படிக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வெள்ளை நாய் பிளாக்கி ஆனது.

பொமரேனியன் என்று சொல்லித்தான் அவனைக் கொடுத்தார்கள். நம்மூரில் அந்தப் பேரில் விற்றதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று கால்நடை டாக்டர் பிற்பாடு சொன்னார். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் அம்பயர் வேலை பார்த்ததே ஒரு நாய், அந்த ஜாதி. எங்களுடையது அம்பயருக்கு நேர் எதிர். ஒறம்பரை வந்தால் செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பொடக்காலியில் புதைப்பான். இரண்டையும் புதைத்தால் வந்தவர்கள் வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒன்று மிஞ்சியதால் தேடிக்கொண்டே இருந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் உட்கார்ந்துவிடுவார்கள். என் பேச்சை அவன் கேட்டதே இல்லை. 'உட்கார்' என்றால் நிற்பான், 'வா' என்றால் போவான். சரி, 'போ' என்று சொல்லி வரவைக்கலாம் என்று பார்த்தேன். போய்விட்டான்.

ஒருமுறை பால்காரரைக் கடித்தான். தடுப்பூசி போட்ட நாய்தான் என்று சான்றிதழைக் காட்டினேன். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நாய்க்குப் போட்டது சரிங்க, எனக்குப் போடோணுமில்லீங்களா?" என்றார். இப்போதெல்லாம் கையில்தான் போடுகிறார்கள். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் காசும் கிடையாது. ஆனால் அவர் மனதில் இருந்தது தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தக் காலத்து 14 ஊசி. என் தலைமுறைக்கு நாயின் பல்லைவிட அந்தப் பதினாலுதான் பெரிய பயம். வெறிநாய்க்கடி மருந்துக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907இல். எங்கள் அம்மாயிக்கு மேட்டுப்பாளையத்தில் குன்னூர் போகும் மலை ரயிலைப் பார்த்தாலே தொப்புள் கூசும்.

இப்படிப்பட்ட நாய்தான், வயதாகி, கண் மங்கி, சிறுநீரகம் கெட்டு, டிரிப்ஸ் ஏற்றி, மார்கழியில் ஒரு விடிகாலையில் போய்ச் சேர்ந்தான். தென்னைமரத்தடியில் புதைத்தோம். தோண்டும்போது ஒரு செருப்பு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். என்னுடைய செருப்பு என்று நினைத்திருப்பார்.

அன்று மதியமே பேச்சு மாறிவிட்டது. "ஒருத்தரை ஒரு கடி கடிச்சிருப்பானுங்களா?" என்றாள் மனைவி. துக்கம் விசாரிக்க வந்த பால்காரரே, "தங்கமான நாயிங்க. கடிச்சாக்கூட நோகாதயே கடிப்பான்" என்றார். ஆறு மாதத்தில் பிளாக்கி செருப்பை எடுத்து வந்து காலடியில் வைக்கும் நாயாக ஆகிவிட்டான். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவன் போட்டோ ஏறியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் அப்பா படத்தை இடம் மாற்றியதில்தான் கொஞ்சம் வருத்தம்.

இன்னொரு நாய் வேண்டும் என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ராஜபாளையம் வாங்கு, 2005இல் தபால் தலையில் வந்த நாய், என்றார் ஒருவர். வீட்டில் மணியார்டர்கூட வருவதில்லை, நாய்க்குத் தபால் தலைத் தகுதி எதற்கு? சரவணம்பட்டி அடுக்ககத்தில் இருக்கும் நண்பர் ஹஸ்கி வைத்திருக்கிறார், அதற்கு ஏ.சி. போட்டுவிட்டு அவர் வராந்தாவில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். 2003இல் ஹட்ச் விளம்பரம் வந்தபோது பக் வாங்கியவர்கள் கதை ஊருக்கே தெரியும். மூச்சு இழுக்கிறது, தோல் மடிப்பில் புண் வருகிறது என்று தெரிந்ததும் எத்தனையோ வீட்டுக்காரர்கள் அதை எங்கேயோ இறக்கிவிட்டு வந்தார்கள்.

கடைசியில் பெங்களூரிலிருந்து மகள் போனில் உத்தரவு போட்டாள்: "அப்பா, காசு குடுத்து நாய் வாங்கறதெல்லாம் வேண்டாம். தெருநாய் தத்தெடுங்க." எங்கள் வீட்டில் மேல்முறையீடு பெங்களூரோடு முடிந்துவிடும்.

செய்தி வெள்ளக்கோயிலுக்கு எட்டியது. அங்கே என் மனைவியின் அண்ணன் செம்மறி வைத்திருக்கிறார். காங்கயம், வெள்ளக்கோயில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டதும், விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததும் பேப்பரில் வந்த சேதிதான். மச்சானும் ஆடு பறிகொடுத்தவர். போனை எடுத்ததும், "மாப்ள, தெருநாய் வேணுமாமா? ஒண்ணு எதுக்கு? டெம்போ அனுப்புங்க, ஒரு லோடு ஏத்தி விடறேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். விடியக்காலை பட்டிக்குப் போய், நேற்று வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆடு குடல் சரிந்து கிடப்பதைப் பார்த்தவரிடம் ஜீவகாருண்யம் பேச எனக்கு வாய் வரவில்லை.

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது மச்சான் சந்தோசத்தில் எனக்குப் போன் செய்தார். 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி பிடித்ததையும் முரட்டு நாயையும் விடக்கூடாது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது. மகள் தத்தெடுப்புப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போன் செய்தாள். மச்சான் முரட்டு நாய்ப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போன் செய்தார். முழுத் தீர்ப்பையும் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்குத்தான் யாரும் போன் செய்யவில்லை.

இந்த ஊரில் இந்த வேலைக்கு ஆளில்லாமல் இல்லை. சீரநாயக்கன்பாளையத்தில் நாய்களுக்குக் கருத்தடை மையம் நடத்திய ஹியூமேன் அனிமல் சொசைட்டியின் மினி வாசுதேவன், குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது வாங்கியவர். நான் போனது அங்கே அல்ல, ஊர்க்கோடியில் வேறொரு காப்பகம். பேரைச் சொன்னால் என்னைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்பும் வெளியே வந்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நாய் பார்க்கத்தான் போனோம். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். தன்னார்வலர் என்று ஒரு சின்னப் பெண் படிவத்தை நீட்டியது. சொந்த வீடா, வாடகையா? காம்பவுண்டுச் சுவர் எத்தனை அடி? பகலில் கட்டிப் போடுவீர்களா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? உங்கள் வயது என்ன, நாய் பதினைந்து வருடம் இருக்கும், நீங்கள்? கடைசிக் கேள்வியை அது இத்தனை பச்சையாகக் கேட்கவில்லை. ஆனால் என் நரையைப் பார்த்துவிட்டு, "வேற யாராச்சும் பொறுப்பு எடுத்துக்குவாங்களாங்க அண்ணா?" என்றது. எனக்குப் பெண் கொடுக்கும்போது என் மாமனார் கேட்டது ஒரே கேள்வி: போர்வெல்லில் தண்ணி எத்தனை அடியில்? மகளை அதோடு கொடுத்துவிட்டார். தருமபுத்திரன் சொர்க்க வாசல் வரைக்கும் நாயோடு போனான் என்றால், அது வழியில் தானாகச் சேர்ந்துகொண்ட நாய். காப்பகத்துக்குப் போயிருந்தால் நிலையான முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

குட்டி கேட்டோம். குட்டிகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், வளர்ந்ததுதான் காத்துக் கிடக்கிறது என்றது அந்தப் பெண். சரி என்று ஒவ்வொரு கூண்டாகப் போனோம். "கண்ணு அவனாட்ட இல்லீங்க." "நடை அவனாட்ட இல்லீங்க." "குலைக்கறது என்னமோ ரேசன் கடைக்காரனாட்ட இருக்குது." நானும் சும்மா இருக்கவில்லை, யாருக்கும் கேட்காமல் "பிளாக்கி" என்று கூப்பிட்டு எது திரும்புகிறது என்று சோதித்தேன். எல்லாமே திரும்பின. சட்டைப் பையில் பிஸ்கட் பொட்டலம் சரசரத்ததுதான் காரணம்.

அந்தப் பெண் பொறுமையாக, "உங்க பழைய நாய் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டது. மனைவி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டது. திருடாது, கடிக்காது, சொன்னால் கேட்கும், விரதம் என்றால் கவுச்சி தொடாது. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நாய் எங்ககிட்ட வந்ததே இல்லீங்க ஆன்ட்டி" என்றது.

மூலையில் ஒன்று எழுந்திருக்காமலே படுத்திருந்தது. செம்மண் நிறம், பெட்டை. இடது காது நுனியில் 'வி' மாதிரி ஒரு வெட்டு. கருத்தடை முடிந்தது என்பதற்கு அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவார்களாம், மறுபடியும் பிடித்துக் கிழிக்காமல் இருக்க. அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தூணடியில் இருந்ததாம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் பாலம். வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் தினமும் ரொட்டி போட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பாலம் திறந்தது. பையன்கள் போய்விட்டார்கள். பின்னங்கால் லேசாக நொண்டியது.

மனைவி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எதுலயுமே அவனாட்ட இல்லீங்க. இதையே கூட்டிட்டுப் போலாமுங்க" என்றாள்.

வந்த புதிதில் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, நான் துடைப்பத்தை எடுத்தால் நடுங்கியது. துடைப்பத்தை எடுக்காமலிருக்க எனக்கு அது நல்ல காரணமாகப் போயிற்று. முதலில் மூன்று நாள், பிறகு மூன்று வாரம், பிறகு மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பயம் விட, பழக, வீடு தன்னுடையது என்று நம்ப அத்தனை ஆகுமாம். எங்களுக்குப் பெரிய கவலை, அது எதையும் திருடவில்லை என்பது. செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. சீக்கோ என்று டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

டாக்டர் நாயைச் சோதித்துவிட்டு எங்களைச் சோதித்தார். என்ன போடுகிறீர்கள்? அரிசிம்பருப்புங்க, நெய் ஊற்றி. சின்ன வெங்காயம்? அதில்லாமல் அரிசிம்பருப்பு ஏது? பூண்டு? தாராளமாக. அவர் பேனாவை வைத்துவிட்டார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும், தொடவே கூடாது என்றார். அன்றிலிருந்து வெங்காயமும் பூண்டும் இல்லாத அரிசிம்பருப்பு. ஒரு வீட்டில் இரண்டு சமையல் ஆகாது என்பது என் மனைவியின் கொள்கை. எனவே நாய்க்கு என்னவோ அதுவே எனக்கும். நெய்யைப் பற்றி டாக்டர் நாய்க்குச் சொன்னதையும் சேர்த்து எனக்கு அமல்படுத்திவிட்டாள்.

பேர் வைக்கும்போது வட்டல் மறுபடியும் குறுக்கே வந்தது. இறந்தவனின் பேரை வைக்கக் கூடாது என்றாள் மகள். வட்டலை மாற்றக் கூடாது என்றாள் அம்மா. பாத்திரக் கடையில் கொடுத்து 'பிளாக்கி'க்குப் பின்னால் 'யம்' சேர்த்து வெட்டி வாங்கி வந்தேன். வட்டலில் பிளாக்கியம், வாயில் பாக்கியம். எங்கள் சொந்தத்தில் பாக்கியம் என்று ஒரு பெரியம்மாவும் ஒரு சித்தியும் இருக்கிறார்கள். விசேசத்துக்கு ஆள் வந்திருக்கும்போது நாயை அதட்டுவதில்லை.

பொங்கலுக்கு மச்சான் வந்தார். கேட்டைத் திறந்தவர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பாக்கியம் நொண்டிக்கொண்டே வந்து குறுக்கே நின்றது. குரைக்கவில்லை, பாயவில்லை. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம். மனைவி வந்து "எங்கண்ணன், உடு கண்ணு" என்ற பிறகுதான் ஒதுங்கியது. மச்சான் காப்பி குடிக்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இது டவுனுல கெடக்கற நாய் இல்லீங்க. பட்டிக்கு ஆகும். குடுத்துருங்களேன்."

நான் எழுந்து போய் மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"குடுக்கலாமுங்க மச்சான். காம்பவுண்டு சுவரு எத்தனை அடி?"