காற்றுக்கு ஒரு சர்க்குலர்

நவம்பர் பிறந்தால் போதும், அத்திப்பட்டு, புதுநகர், எண்ணூர், திருவொற்றியூர் என்று எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளின் கிளாஸ் குரூப்புகளில் ஒரு சர்க்குலர் சுற்ற ஆரம்பித்துவிடும். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். ஏழெட்டுப் பள்ளிகளின் சர்க்குலர்களை ஒன்றாகப் போட்டுப் பிழிந்தாலும் இறங்குவது ஒரே சாறுதான்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, குழந்தைகள் தினக் கொண்டாட்டத்தை முன்னிட்டு வகுப்பறையில் பார்ட்டி நடைபெறும். பிள்ளைகளின் ஆரோக்கியமே எங்கள் முதல் அக்கறை என்பதால், வீட்டில் செய்த தின்பண்டங்களைக் கொடுத்தனுப்ப வேண்டாம். சீல் பிரிக்காத கம்பெனி பாக்கெட்டுகள் மட்டுமே அனுமதிக்கப்படும்." கீழே இரண்டு பூங்கொத்து, ஒரு கும்பிடு.

ஆரோக்கியமாம். அதுவும் அத்திப்பட்டில்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2001-இல் வந்த 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகிற ஊர் அத்திப்பட்டி. அது கதை. எங்கள் அத்திப்பட்டு வரைபடத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. மேலே சாம்பல் படிந்திருப்பதால் கோட்டையில் இருப்பவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. இங்கேதான் வடசென்னை அனல்மின் நிலையம். முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200. கூப்பிடு தூரத்தில் வல்லூர், அது ஒரு 1,500. நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். சென்னைக்கு ஏசி ஓட வேண்டும்; மிஞ்சுவதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டுமில்லையா?

சாம்பல் முழுவதையும், நூற்றுக்கு நூறு, பயன்படுத்தியே தீர வேண்டும் என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பரில் அறிவிக்கையே போட்டிருக்கிறது. சட்டத்தை மதிக்கும் ஊர் இது. குழாய் உடைந்து ஓடியதைக் கொசஸ்தலையாறு வாங்கிக்கொண்டது. குட்டையில் கொட்டியதைச் செப்பாக்கம் வாங்கிக்கொண்டது. பறந்ததைப் பிள்ளைகள் மூச்சில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பொட்டு வீணாகவில்லை.

இந்த ஊரில் ஒரு தாய் பார்ட்டிக்கு இறால் வடை சுடுவது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்னே எழுந்து இறாலைத் தோல் உரித்து, முதுகு நரம்பை உருவி, மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசுகிறாள். ஊறிய கடலைப்பருப்பைச் சோம்பு, பூண்டு, காய்ந்த மிளகாயோடு கொரகொரப்பாக அரைக்கிறாள். அடுப்படி ஜன்னல் சாத்தியே இருக்கிறது. வேர்வை ஊற்றினாலும் திறக்க மாட்டாள். அரைத்த மாவின் மேல் ஈரத்துணி. எண்ணெய்ச் சட்டியைக்கூடக் கவிழ்த்து வைத்திருந்து, உள்பக்கம் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுகிறாள். காலையில் துடைத்த ஜன்னல் திட்டில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம் என்பது அவளுக்குத் தெரியும். மொட்டை மாடியில் வற்றல் காயவைப்பதை விட்டே வருஷக்கணக்காகிறது. சுத்தத்துக்காக இந்தப் பெண் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்கைச் சாம்பல் குட்டைக்காரர்கள் பட்டிருந்தால் ஆறு பிழைத்திருக்கும்.

டிபன் பாக்ஸோடு போனால் கேட்டிலேயே மறிப்பு.

"வீட்டு ஐட்டம் அலவ்டு இல்லமா."

"காலையிலதான் மிஸ் சுட்டேன். சூடு கூட ஆறல."

"ஹைஜீன் பிராப்ளம்மா. எதிர்க் கடையிலயே பத்து ரூபா சிப்ஸ் இருக்கு பாருங்க, வாங்கிக் குடுத்துருங்க."

மிஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. அவர் சொல்வது மேலிடத்தின் வாய்ப்பாடு. ஆனால் அந்த எதிர்க் கடையைக் கொஞ்சம் கவனியுங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் வரையும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி செய்துவிட்டது. ஆக, ஆரோக்கியத்தின் பேரில் வடையைத் தடுத்த கேட், தடை செய்யப்பட்ட சரக்குக்கு வழிகாட்டிப் பலகையாகிறது. சட்டப்படி குற்றவாளி சிப்ஸ். தண்டனை வடைக்கு.

பாக்கெட்டுக்கு ஏன் இந்த மரியாதை? அதன் முதுகில் தயாரிப்புத் தேதி இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது, பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறது. சரி, நியாயம். அப்படியானால் இந்த நிர்வாகங்கள் இன்னொரு சர்க்குலரும் அனுப்ப வேண்டும். எழுதும் சிரமத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன்:

"மதிப்பிற்குரிய காற்று அவர்களுக்கு, தாங்கள் எங்கள் வகுப்பறைக்குள் அடிக்கடி வந்து செல்வது கவனத்துக்கு வந்துள்ளது. இனி சீல் வைத்து, உள்ளடக்கப் பொருள்களின் பட்டியலோடும் உரிம எண்ணோடும் மட்டுமே வரவும். சாம்பல், கரித்தூள், அம்மோனியா கலந்திருந்தால் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி எது என்பதைக் குறிப்பிடவும். மீறினால் தங்கள் பெற்றோரை அழைத்து வர நேரிடும்."

பெற்றோரை அழைப்பதில்தான் சிக்கல். காற்றின் பெற்றோர் எல்லாம் பெரிய இடம். ஒருவர் மாநில அரசு, ஒருவர் ஒன்றிய அரசு, மற்றவர்கள் பங்குச் சந்தையில் இருப்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். 2024 அக்டோபர் 25-இல் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில், வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஏதோ நெடியில் மயங்கி விழுந்தார்கள். சோதித்தார்கள். பள்ளியைத் திறந்தார்கள். நவம்பர் 4-இல் மறுபடியும் விழுந்தார்கள். இதில் எந்தச் சம்பவத்திலாவது எந்தத் தாயாவது கொடுத்தனுப்பிய கொழுக்கட்டை சம்பந்தப்பட்டிருக்கிறதா?

எங்கள் ஊர்த் துறைமுகத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்கத்தான் 2001-இல் அது திறக்கப்பட்டது. 2014-இல் பெயர் மாற்றினார்கள்: காமராஜர் துறைமுகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மனிதரின் பெயரைக் கரிக் கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கு வைத்தவர்களின் நகைச்சுவையோடு என்னால் போட்டிபோட முடியாது. பேனாவை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பள்ளியில் பிள்ளைக்குச் சோறு என்பதே இந்த நகரம் தொடங்கிவைத்த வேலை. 1920-இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஓர் அணா செலவில் ஆரம்பித்தது. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவு. அந்தக் காலை உணவுத் திட்டத்தில் ஒரு வழிகாட்டுதல் உண்டு: சமைக்க வரும் சுய உதவிக்குழுப் பெண்ணின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். தன் பிள்ளையும் தின்னப்போகிற உப்புமாவில் எந்தத் தாயும் கைவைக்க மாட்டாள் என்ற கணக்கு அது. எந்த ஆய்வுக்கூடச் சான்றிதழும் இதற்கு ஈடாகாது. அரசுப் பள்ளி தாயைத் தேடிப் பிடித்துக் கரண்டியைக் கொடுக்கிறது. அதே தெருவில் பீஸ் வாங்குகிற பள்ளி, அவள் டிபன் பாக்ஸைத் தெருவில் நிறுத்துகிறது.

உடனே ஒவ்வாமை என்பார்கள். உண்மைதான், வேர்க்கடலை பட்டால் மூச்சுத் திணறும் பிள்ளைகள் உண்டு. கெட்டுப்போன பண்டம் வயிற்றைக் கெடுக்கும். அதற்கு, "இதுல என்னமா போட்டீங்க, எப்ப செஞ்சீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அவள் சொல்லிவிடுவாள். பாக்கெட் சொல்வதைப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். அப்படிக் கேட்காமல் மொத்தமாக 'வீட்டுப் பண்டம்' என்று கதவடைப்பது ஆரோக்கியத்தின் கவலை இல்லை. எந்த வீடு, எந்தக் கை என்ற கவலை. குப்பத்து வீட்டு இறால் வடை, காலனி வீட்டு அடை, பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் வீட்டு டெக்குவா எல்லாம் ஒரே தட்டில் விழுந்துவிடுமே என்ற பதற்றம்.

2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் அரசுப் பள்ளியில், சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதால் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் சில பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய், வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. பாவம், அந்தப் பெற்றோருக்கு 'ஹைஜீன்' என்ற ஆங்கிலச் சொல் கைவசம் இல்லை. இருந்திருந்தால் விஷயம் ஆட்சியர் வரை போயிருக்காது, சர்க்குலரோடு முடிந்திருக்கும். இரண்டு பூங்கொத்து, ஒரு கும்பிடு.

இதே பள்ளிகள் ஜனவரியில் 'பாரம்பரிய உணவுத் திருவிழா' நடத்துவதையும் பார்த்திருக்கிறேன். வாழையிலை தோரணம், பட்டுப்பாவாடை, சிறப்பு விருந்தினர். நவம்பரில் கிருமியாக இருந்த அதே கொழுக்கட்டை, தாளாளர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் போட்டோவுக்கு நின்றதும் பண்பாடாகிவிடுகிறது.

நவம்பர் 14 வருகிறது. புதுநகர் அம்மாக்களே, அக்காக்களே, எது கைக்கு வருமோ அதைச் செய்து கொடுத்தனுப்புங்கள். கேட்டில் மறித்தால் சண்டை வேண்டாம். என்ன காரணம், எந்த விதி, எந்தத் தேதி அரசாணை என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், முதல்வர் கையெழுத்தோடும் பள்ளி முத்திரையோடும். தரும்வரை கேட்டிலேயே நில்லுங்கள்.