"லிங்க் திறக்கல தம்பி"

சாந்தோமில் எந்தப் பொருள் கெட்டாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான். ஜன்னல் கம்பி, பூட்டு, ஏ.சி., கடைசியில் முழங்கால் வரைக்கும். கீழ்வீட்டு டீச்சரின் கம்ப்யூட்டரில் லிங்க் திறக்காதபோதும் வீட்டுக்குள் அதே தீர்ப்புதான்.

"என்ன டீச்சர் சொல்லுது?"

"அது ஏதோ இங்கிலீஷ்ல சொல்லுச்சு தம்பி. மூடிட்டேன்."

ரிட்டயர் ஆகும்வரை அவர் எடுத்த பாடமே இங்கிலீஷ்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் பெட்டி போட்டு எதையாவது சொன்னால் படிக்காமல் மூடுவது ஜாதி, மதம், படிப்பு எதையும் பாராத பொதுப்பழக்கம். பாதி வைத்தியம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

மறுபடி அழுத்தச் சொன்னேன். "இந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ள கட்டுப்பாடுகளால் ரத்து" என்ற பொருளில் அவுட்லுக் ஒரு வாசகம் காட்டியது. டீச்சருக்குச் சுருக்கென்றது. "என் கம்ப்யூட்டருக்கு யாருப்பா கட்டுப்பாடு போட்டது?"

பேரன் போட்டது. லீவுக்கு வந்தவன் இடம் அடைக்கிறது என்று ஒரு பிரவுசரைத் தூக்கிவிட்டான். மெயிலில் லிங்க்கை அழுத்தினால் விண்டோஸ் இன்னும் அந்த இல்லாத பிரவுசரைத்தான் தேடுகிறது. செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' போய், இருக்கிற பிரவுசரைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்த வாரம் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை. வங்கிக் கணக்கே போய்விட்டதாக டீச்சர் ஜெபமாலையை எடுத்துவிட்டார். திரையின் மூலையைப் பார்த்தேன்: 2009, ஜனவரி 1. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2009இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. உள்ளே மதர்போர்டில் 2032 என்ற பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. மாற்றித் தேதியைத் திருத்தியதும் டீச்சர் நிகழ்காலத்துக்கு வந்தார்.

பெரிய லிங்க் மெயிலில் இரண்டு வரியாக உடைந்தால் வால் அறுந்துபோகும். வாக்கியத்தின் முற்றுப்புள்ளி ஒட்டிக்கொண்டாலும் திறக்காது. முழுசாக காப்பி பண்ணி முகவரிப் பட்டையில் ஒட்டினால் தீரும். மற்ற தளங்களெல்லாம் திறந்து ஒன்று மட்டும் அடம்பிடித்தால், மொபைல் டேட்டாவில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை.

கைவைக்க முடியாதது 404 என்ற பிழைதான். சர்வர் இருக்கிறது, பதிலும் சொல்கிறது; அந்தப் பக்கம் மட்டும் அங்கே இல்லை. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலையானது, மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையானது; பழைய பெயரைச் சொன்னாலும் மயிலாப்பூரின் மூத்த ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார், மேலே இருபது ரூபாய் கேட்டுக்கொண்டு. இணையத்தில் அந்த வேலையை 301 என்ற திசைதிருப்பல் செய்ய வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கிறவர்கள் அதைத்தான் மறக்கிறார்கள். வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாது என்று 1998லேயே எழுதிவைத்தார். யார் கேட்டார்கள்? 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போனதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது.

டீச்சர் கேட்ட பழைய தமிழ்ப் பக்கமும் அந்தக் கணக்கில் ஒன்று. செத்த முகவரியை, பழைய பக்கங்களைச் சேர்த்துவைக்கும் 'வேபேக் மெஷினில்' போட்டேன். பழைய நகல் கிடைத்தது.

"திறந்தாச்சு டீச்சர்!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரை முழுக்கக் கொம்பும் குறியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்.

"இது போர்ச்சுகீசா தம்பி?"

தமிழ்தான். யூனிகோடு பரவுவதற்கு முன் தளத்துக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்தோம். தமிழக அரசு யூனிகோடுக்கு வந்ததே 2010இல்தான். பழைய எழுத்துருவில் இருப்பதைப் படிக்க எழுத்துரு மாற்றி என்று தனி மருந்து இருக்கிறது. அதைச் சொன்னால் ராத்திரிச் சாப்பாடும் கீழ்வீட்டில்தான் என்பதால், "உப்புக்காற்று டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.