குங்குமச் சான்றால் சுவிட்சின் காலம் துணிதல்

நெட்வொர்க் சுவிட்சில் ஓடும் ஃபர்ம்வேர் புதிதா பழசா எனத் துணிவதே இக்கட்டுரை நுதலிய பொருள். ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-ல் ‘டேட்டமேஷன்’ இதழில் கையாண்டவர் ஆஷர் ஓப்லர். அவர் கருதிய பொருள் சற்றே வேறு. ஈண்டு விரிப்பின் பெருகும்.

நூல்வழி எளிது. கன்சோல் கேபிளைச் செருகி ‘ஷோ வெர்ஷன்’ என்று தட்டினால், சிஸ்கோ சுவிட்ச் 15.0(2)எஸ்இ11 என்பது போல எதையாவது சொல்லும். பகுபதமாகப் பிரித்தால் 15.0 பகுதி, அடைப்புக்குள் நிற்கும் 2 இடைநிலை, எஸ்இ சாரியை, 11 விகுதி. தயாரிப்பாளர் தளத்தில் அதே மாடலுக்கு விகுதி ஏறியிருந்தால் நம்முடையது பழசு.

‘நன்றாக ஓடுவதை ஏன் நோண்டுகிறீர்கள்?’ என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு கடாவும். 2018 மார்ச் 28-ல் சிஸ்கோ தன் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியிலிருந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. பத்து நாளுக்குள் அவ்வசதி வழியாகவே ஈரானில் சுவிட்சுகள் முடங்கி, திரையில் அமெரிக்கக் கொடி ஏறிற்று. விடை இது.

எங்கள் அலுவலகச் சுவிட்சுக்கோ நூல்வழி அடைபட்டது. பாஸ்வேர்டு, வேலையை விட்டுப்போனவரோடு போயிற்று. எஞ்சியது புறச்சான்று. மானிட்டரிங் திரையில் எங்களுக்குத் தெரிவது அப்டைம் ஒன்றே. புதிய ஃபர்ம்வேரை ஏற்றினாலும் ரீபூட் ஆகாமல் அது நடப்புக்கு வராது. ஆகவே அப்டைம் எத்தனை நாளோ, ஃபர்ம்வேருக்குக் குறைந்தது அத்தனை வயது.

திரை காட்டுவது 61 நாள். இளமைதான் என மகிழ்வார் ஏமாறுவர். அந்த எண்ணி 32 பிட்டில் நொடியின் நூறில் ஒரு பங்கை எண்ணுவது. 497 நாளில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். எனவே 61 என்பது 558 ஆகலாம், 1055-ம் ஆகலாம்.

எது என்று காட்டுவது குங்குமம். எங்கள் அலுவலகத்தில் ரீபூட் என்றால் பிளக்கைப் பிடுங்குவதுதான். ஆயுத பூஜைதோறும் ஹவுஸ்கீப்பிங் அக்கா பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் சந்தனம் அப்பி ஒரு பொட்டு வைப்பார். பிடுங்கியிருந்தால் சந்தனம் உதிர்ந்திருக்கும். இப்போது அங்கே மூன்று பொட்டு. 558 நாளில் மூன்று ஆயுத பூஜை வராது. 1552 நாளில் நான்குக்குக் குறையாது. ஆகவே 1055 என்று நிறுவினேன்.

அக்காவிடம் சரிபார்த்தபோது, ஒரு பொட்டு புது மேனேஜர் வந்த அன்று வைத்தது என்றார். இடைச்செருகல். அதை நீக்கினால் இரண்டே பொட்டு; 558-ம் பொருந்துகிறது, 1055-ம் பொருந்துகிறது. சுவிட்சை ரீசெட் செய்து பாஸ்வேர்டை மாற்றினால் தெரிந்துவிடும் என்கிறார்கள். அதற்குப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சான்று உதிர்ந்துவிடும்.