மூன்றே நாளில் முட்டி வலி போனால்

பினாங்கு இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மாத்திரையைப் போலி என்று திட்டுவது நியாயமில்லை. போலி என்றால் கேட்காது; இது கேட்கிறது. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளைக் கீழே நின்று கும்பிட்ட முட்டி, மூன்றே நாளில் மேலே போய்க் கும்பிடுகிறது. என் புகாரே அதுதான். வேரும் பட்டையும் இவ்வளவு அவசரப்படுவதில்லை. சுகாதார அமைச்சு இத்தகைய சரக்கைச் சோதிக்கும்போது அடிக்கடி அகப்படுவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வெளியே 'நூறு விழுக்காடு மூலிகை'. உள்ளே அந்த மூலிகை வியாபாரி திட்டித் தீர்க்கும் அதே ஆங்கில மருந்து, டாக்டர் சீட்டும் இல்லாமல், அளவும் தெரியாமல். ஆண்மைக் காப்பியில் வயாக்ராவின் சில்டெனாபில். மெலிய வைக்கும் பொடியில் சிபுட்ராமின். இதய ஆபத்தால் 2010இல் பல நாடுகள் விலக்கிய மருந்து.

"எங்க அத்தைக்குக் குணமாச்சே?" என்பார்கள். ஆகியிருக்கும். வலி அடங்கும், பசி எடுக்கும், முகம் நிலா மாதிரி உருண்டு வரும். 'நல்லா சதை போட்டிருக்கீங்க' என்று தெருவே பாராட்டும். இனிப்பு நீர் ஏறுவதையும் எலும்பு உளுப்பதையும் தெரு பார்க்காது. பாட்டி வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று கோபிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தப் பாட்டியும் கஷாயத்தில் டெக்ஸாமெத்தசோனைத் தட்டிப் போட்டதில்லை.

"மால் நம்பர் இருக்கே?" இது நல்ல கேள்வி. 'மால்' என்று தொடங்கி எட்டு இலக்கத்துக்குப் பின் 'டி' வந்தால் அது பதிவான பாரம்பரிய மருந்து. தரமும் பாதுகாப்பும் பார்த்துக் கொடுத்த எண்ணே தவிர, நோய் தீரும் என்ற உத்தரவாதம் அல்ல. எண்ணை அச்சடிக்க அச்சகம் போதும். ஆகவே தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பாருங்கள். வேறு மருந்தின் பெயர் வந்தால் விஷயம் முடிந்தது. சில சமயம் அந்தச் சிரமமும் வேண்டாம். புற்றுநோய், நீரிழிவு, ஆஸ்துமா, இரத்தக்கொதிப்பு உட்பட 20 நோய்களுக்கு மருந்தென்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மலாயா சுதந்திரம் வாங்கும் முன்பே இந்த வியாபாரம் அவ்வளவு அமோகம்! இன்றைய வாட்ஸ்அப் விளம்பரங்களோ, அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியவை போலவே இருக்கின்றன.

வீட்டில் யாராவது மாதக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ஆத்திரத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமிருப்பதை உறையோடு எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் போங்கள்.